தூக்கிப் பார்த்த கை

ஒரெஸ்தே என்ற அந்த இத்தாலியருக்கு ஒரு வாக்கியம் எழுத மூன்று வாரம் வேண்டும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், அத்தானுடைய கேஸை நான் அவர் வாசல் வரைக்கும்கூடக் கொண்டுபோயிருக்க மாட்டேன்.

கேஸ் என்று நாங்கள் சொல்வது அகதி விண்ணப்பத்தை. அத்தான் பேனாட்டின் விண்ணப்பத்தை மறுத்து எழுதிய கடிதம் அக்டோபர் பதினான்காம் தேதி கையில் கிடைத்தது. மேல்முறையீட்டுக்கு ஒரு மாதம்தான் தவணை. 1986 நவம்பர் பதினான்கு, வெள்ளிக்கிழமை, மாலை ஏழு மணிக்குத் தபால் கந்தோர் பூட்டுவதற்குள் பதிவுத் தபாலில் அன்றைய முத்திரை விழவேண்டும். விழாவிட்டால் அத்தானுக்கு இந்த நாட்டில் இடமில்லை. அவர் கூப்பிடுவார் என்று மண்டபம் முகாமில் இரண்டு பிள்ளைகளோடு காத்திருக்கும் என் அக்கா பேர்ளிக்கும் விடிவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு ஒரெஸ்தேயின் கதவைத் தட்டினேன். ரூ து ஃபொபூர் சேன்-தெனியின் வடக்கு முனையில், பொன்னம்பலத்தின் பலசரக்குக் கடைக்குப் பின்னால் இருக்கும் முற்றத்தில் அவருடைய அறை. அந்தக் கட்டிடத்தின் படிகளைக் கழுவுவது என் வேலை. அப்படி வந்த பழக்கம்தான்.

முடிந்ததா என்று கேட்டேன். எல்லாம் முடிந்தது, ஒரு வாக்கியம் மட்டும் பாக்கி என்றார். போன வெள்ளிக்கிழமையும் அதையேதான் சொன்னார். வாளியில் இருந்த அழுக்குத் தண்ணீரை அவர் தலையில் ஊற்றினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. நல்ல காலம், வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

அவர் கவிஞர். மூன்று புத்தகம் போட்டிருக்கிறார். வாங்கியவர்களின் பெயரையெல்லாம் அவரால் ஒப்பிக்க முடியும், அவ்வளவுதான் விற்றிருக்கிறது. வயிற்றுப்பாட்டுக்கு இத்தாலியிலிருந்து வரும் தையல் மெஷின், கோப்பி மெஷின் விளக்கப் புத்தகங்களைப் பிரெஞ்சில் மொழிபெயர்ப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் சின்ன மரக்கூடாரம் கட்டி, அதற்குள் நின்று கைப்பொம்மை ஆட்டுவார். பொம்மைகளுக்கு நான் சட்டை தைத்துக் கொடுப்பேன். அவர் எங்கள் ஆட்களுக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுதிக் கொடுப்பார். அவருக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. ஊர் ஆட்கள் தமிழில் சொல்ல, வீட்டு வேலை செய்து பொறுக்கிய என் பிரெஞ்சில் நான் சொல்ல, அதை அவர் ஒழுங்கான பிரெஞ்சு ஆக்குவார்.

அவரிடம் இரண்டு பைத்தியம் இருந்தது. ஒன்று, எந்த வாக்கியத்தையும் நடித்துப் பார்க்காமல் எழுதமாட்டார். பொன்னம்பலம் தன் கேஸில் பத்தடி மதிலைப் பாய்ந்து தப்பியதாகச் சொன்னபோது, அவரை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய், இந்த மதிலில் ஏறிக்காட்டுங்கள் என்றார். பொன்னம்பலம் இரண்டு தரம் வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டார். கடைசியில் பிரெஞ்சில் மதில் நாலடியாகிவிட்டது. அந்த நாலடி மதிலுக்குத்தான் அவருக்கு அகதிக் காட் கிடைத்தது. இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களிடம் பத்தடி என்றே சொல்லுவார்.

மற்றப் பைத்தியம், 'நான்'. சொல்கிறவர் 'நான் ஓடினேன்' என்றால் நானும் 'நான் ஓடினேன்' என்றே சொல்லவேண்டும். 'அவர் ஓடினாராம்' என்று வந்தால் மேசையில் தட்டுவார். பொம்மைக்குப் பின்னால் நிற்கிறவன் 'பொம்மை இப்படிச் சொல்கிறது' என்று சொன்னால் பிள்ளைகள் எழும்பிப் போய்விடுவார்கள் என்பார். தட்டித் தட்டியே என்னைப் பழக்கிவிட்டார்.

அத்தானுடைய கேஸில் பாக்கி நின்ற வாக்கியம் எதுவென்று எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்கு முன் உடக்கு என்றால் என்னவென்று சொல்லவேண்டும்.

மன்னார்ப் பக்கம் எங்கள் ஊரில் தவக்காலத்தில் யேசுவின் பாடுகளை ஆட்கள் நடிப்பதில்லை, மரப்பொம்மைகள் நடிக்கும். ஆள் அளவான பொம்மைகள். தோளிலும் முழங்கையிலும் தோல்வார் வைத்துப் பொருத்தியிருக்கும். திரைக்கு மேலே பரண் கட்டி, அதில் நின்று கயிறு இழுத்து ஆட்டுவார்கள். அந்தப் பொம்மைகளுக்குத்தான் உடக்கு என்று பெயர். அத்தானும் கயிறு இழுப்பவர், என் தம்பி அல்பிரட்டும் கயிறு இழுப்பவன். நான் பாரிசுக்கு வந்த அடுத்த வருடம், பெரிய வெள்ளிக்கு ஒரு கிழமை இருக்கையில், இராணுவத்தார் ஊரைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். அத்தான் கோயிலுக்குப் பின்னால் உடக்குக் கொட்டிலில் இருந்தார். ஓட வழியில்லை. செத்த யேசுவின் உடக்கு வர்ணம் பூசுவதற்காக வேறு இடத்தில் கிடந்தது. அது வழக்கமாகக் கிடக்கும் இடத்தில், தான் வெள்ளைத் துணியைப் போர்த்துக்கொண்டு படுத்துவிட்டதாகச் சொன்னார். சிப்பாய்கள் வந்தார்கள். ஒருவன் துணியை விலக்கி அவர் கையைத் தூக்கி, பிடியை விட்டான். கை உடக்கின் கை மாதிரியே விழுந்தது. தொடையில் துவக்கு முனையில் செருகியிருந்த கத்தியால் ஒரு குத்துக் குத்திப் பார்த்தான். அத்தான் அசையவில்லை. போய்விட்டார்கள்.

இதுதான் கேஸ். தம்பியைப் பற்றி அதில் ஒரு வரிதான். வேறு பக்கம் ஓடிய அல்பிரட்டை அன்றைக்கு லொறியில் ஏற்றிக்கொண்டு போனதை ஆட்கள் கண்டதாக அத்தான் சொன்னார். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. எந்தச் சிறையில் இருக்கிறான் என்று தேடித்தரச் சொல்லி மாதம் ஒரு கடிதம் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதுவேன். நவம்பர் மாதக் கடிதமும் ஒட்டி, முத்திரை வைத்து, அப்போது என் கைப்பைக்குள் இருந்தது.

மறுப்புக் கடிதத்தில் இரண்டு காரணம் சொல்லியிருந்தார்கள். எழுத்தில் வலது தொடை என்று இருந்தது, நேரில் இடது தொடைத் தழும்பைக் காட்டினார். மற்றது, ஆயுதம் தாங்கிய ஒருவன் உயிருள்ள மனிதனைப் பொம்மை என்று நம்பியிருப்பான் என்பது ஏற்கக்கூடியதாக இல்லை. முதலாவதைக் குழப்பத்தில் சொன்னது என்று எழுதிச் சமாளிக்கலாம். இரண்டாவதில்தான் ஒரெஸ்தே மூன்று வாரமாக நின்றுகொண்டிருந்தார்.

எழுதுங்கள், கை விழுந்தது என்று எழுதுங்கள், அதற்கு இரண்டு சொல் போதும் என்றேன். அவர் தலையை ஆட்டினார். தான் பொம்மைக்காரன் என்றார். செத்த கை விழும், உயிருள்ளவன் கையை இறக்குவான், இரண்டும் ஒன்றல்ல என்றார். பொம்மைக்குள் கை இருக்கும்வரை அது சாகாது, பொம்மையைச் சாகடிக்கவேண்டும் என்றால் பொம்மைக்காரன் தன் கையை உருவிக்கொள்ளவேண்டும் என்று விளக்கம் வேறு.

"உங்கள் அத்தான் எங்கே?" என்று கேட்டார்.

மூன்று மணிக்கே வருகிறேன் என்று சொன்ன மனிதர். புறநகரில், லா கூர்னெவிலிருந்து ரயில் பிடித்து வரவேண்டும். அன்றைக்குப் பார்த்து ரயில் தாமதம். நாலு ஐம்பதுக்குத்தான் வந்து சேர்ந்தார், மூச்சு வாங்க, நனைந்த கோட்டோடு. உட்காரக்கூட விடாமல் ஒரெஸ்தே அவரை நிலத்தில் படுக்கச் சொன்னார். கொட்டிலில் கிடந்தது போலக் கிடக்க வேண்டும் என்று நான் தமிழில் சொன்னேன். அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றிவிட்டுப் படுத்துக் கண்ணை மூடினார்.

ஒரெஸ்தே பக்கத்தில் குந்தி, அவருடைய வலது கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கி, விட்டார். கை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு இறங்கியது. மறுபடி தூக்கினார். இந்தமுறை அத்தான் கையை வேண்டுமென்றே கீழே போட்டார், நிலத்தில் அடிபட்டது. அது அதைவிடப் பொய்யாக இருந்தது. எனக்கே தெரிந்தது. மூன்றாம் தரம், நாலாம் தரம். அத்தானின் நெற்றி வேர்த்தது. ஒவ்வொரு தரமும் அந்தக் கை காற்றில் ஒரு கணம் நின்று, தான் உயிரோடு இருக்கிறேன் என்று காட்டிக்கொண்டே இறங்கியது.

சுவர் மணிக்கூட்டில் ஐந்து மணி ஐந்து நிமிடம். போதும் விடுங்கள், நேரம் போகிறது என்று நான் அதட்டினேன். ஒரெஸ்தே விடவில்லை. தனக்கு இருபது வயதில், 1944இல், தன் ஊர்ச் சதுக்கத்தில் கிடந்த பிணங்களை வண்டியில் ஏற்றியவன் தான் என்றார். கை எப்படி விழும் என்று தனக்குத் தெரியும் என்றார். அப்போது என்னிடம், கோபமில்லாமல், ஒரு கேள்வியை மொழிபெயர்க்கச் சொன்னார்.

நான் அத்தானிடம் கேட்டேன். "அத்தான், அங்கை கிடந்தது ஆர் எண்டு கேக்கிறார்."

அத்தான் எழும்பவில்லை. கண்ணைத் திறக்கவும் இல்லை.

"நான் இல்லை, லூசியா," என்றார். "அல்பிரட்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அல்பிரட்டுக்கு என்ன என்று கேட்டேன். அல்பிரட்தான் துணியைப் போர்த்துக்கொண்டு கிடந்தவன் என்றார். தான் மேலே பரணில், திரைக்குப் பின்னால் நின்றதாகச் சொன்னார். சிப்பாய்கள் அவன் கையைத் தூக்கி, விட்டார்கள். கை நின்று இறங்கியது. அவ்வளவும் சொல்லிவிட்டு அத்தான் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அதற்குப் பிறகு நடந்ததை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. லொறிக் கதை பொய், தொடைத் தழும்பும் வேறெதிலோ வந்தது என்பது மட்டும் விளங்கியது. உயிரோடு ஏற்றிக்கொண்டு போகவில்லை.

ஒரெஸ்தே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு நான் முற்றத்துக்கு வந்துவிட்டேன்.

இருட்டிவிட்டிருந்தது. பொன்னம்பலத்தின் வெறும் மரக்கறிப் பெட்டி ஒன்றில் உட்கார்ந்தேன். இருபது மாதமாக இந்த மனிதர் எங்கள் எல்லோரையும் பொய் சொல்லிப் பேய்க்காட்டியிருக்கிறார். அம்மா ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறாள், மகன் சிறையிலிருந்து வரவேண்டும் என்று. என் பிறந்தநாளுக்கு அத்தான் கேக் வாங்கி வந்தார், அல்பிரட்டும் இருந்திருந்தால் என்று சொல்லி அழுதார். அந்தக் கேக்கை நான் சாப்பிட்டேன். அவரை அந்த நேரம் நான் வெறுத்தேன். சாதாரணமாக இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு வெறுத்தேன்.

நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை. ஏழு மணிவரை அந்தப் பெட்டியில் உட்கார்ந்திருந்தால் போதும். நான் இல்லாவிட்டால் அத்தானுக்கு இந்த ஊரில் வாய் இல்லை.

பொன்னம்பலம் கடையின் பின்கதவால் எட்டிப் பார்த்தார். இன்னும் அனுப்பவில்லையா என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, இத்தாலிக்காரன் காலை வாரிவிட்டான் என்று தானாகவே முடிவுகட்டிக்கொண்டார்.

"என்னட்டை ரைப் பண்ணின கேஸ் ஒண்டு கிடக்கு, பிள்ளை," என்றார். "காம்பிலை அடைச்சவை, அடிச்சவை, தப்பி வந்தனான். பேரை மட்டும் மாத்தினாச் சரி. எல்லாரும் அதைத்தான் குடுக்கினம்."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதை வாங்கியிருக்கலாம். பெயரை எழுத ஐந்து நிமிடம், தபால் கந்தோருக்குப் பத்து நிமிடம். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வழி திறந்தபடியே இருக்கும், நான் அந்த அறைக்குள் திரும்பிப் போகவேண்டியதும் இல்லை. ஆனால் போனால் மட்டும்தான் எனக்கு ஒன்று கிடைக்கும். ஒரெஸ்தே கேட்பார். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், எந்தக் கை, பிறகு என்ன என்று விடாமல் கேட்பார். நான் கேட்டால் அத்தான் அழுவார். ஒரெஸ்தே கேட்டால் பதில் சொல்லுவார். என் தம்பி எப்படிச் செத்தான் என்று நான் தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை.

வேண்டாம் அண்ணை என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். ஐந்து நாற்பது.

அத்தான் நாற்காலியில் கூனிக்கொண்டு இருந்தார். ஒரெஸ்தே தட்டச்சு மெஷினில் புதுத்தாள் ஏற்றியிருந்தார். கிடந்தவன் என் தம்பி என்று சொன்னேன். அவர் எழும்பி நின்றார். இன்றைக்கு வேண்டாம், நீங்கள் செய்யத் தேவையில்லை என்றார். கேளுங்கள் என்றேன்.

கேட்டார். கொட்டில் எவ்வளவு நீளம். பரண் எவ்வளவு உயரம். எத்தனை பேர் வந்தார்கள். நான் தமிழில் கேட்டு, பதிலைப் பிரெஞ்சில் சொன்னேன். 'அவர் பரணில் நின்றாராம்', 'அவருக்குத் துணி தெரிந்ததாம்' என்றுதான் சொன்னேன். ஒரெஸ்தே ஒருமுறைகூட மேசையில் தட்டவில்லை. குனிந்துகொண்டே எழுதினார்.

பரணில் ஒரு ஆள் ஒளியத்தான் இடம் இருந்தது. அத்தான் முதலில் ஏறிவிட்டார். அல்பிரட் கீழே நின்று மேலே பார்த்தான், பிறகு துணியை எடுத்துப் போர்த்திக்கொண்டான். சிப்பாய் கையைத் தூக்கிவிட்டதும் அது நின்று இறங்கியதைப் பார்த்து மற்றவன் சிரித்தான். மறுபடி தூக்கினார்கள். அதையும் பார்த்துச் சிரித்தார்கள். ஐந்தாறு தரம் அப்படி விளையாடினார்கள். பிறகுதான் குத்தினார்கள், உடலைத் துணியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குள் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒரெஸ்தே கேட்டார். அந்தக் கேள்வியை நான் அத்தானின் கண்ணைப் பார்த்துக் கேட்டேன்.

அத்தான் நிலத்தைப் பார்த்துச் சொன்னார். "அவன் என்னைப் பாத்தவன். கத்தேல்லை. கத்தினா நான் மேலை நிக்கிறது தெரிஞ்சிடும் எண்டு கத்தேல்லை. மற்றப் பக்கம் கிடந்த சேவகன் உடக்கின்ரை கயிறு என்ரை கையிலை இருந்தது. இழுத்திருந்தா அது எழும்பியிருக்கும். அவங்கள் அங்காலை திரும்பியிருப்பாங்கள். நான் இழுக்கேல்லை, லூசியா."

நான் வாயைத் திறந்தேன். 'அவர் சொல்கிறார்' என்று தொடங்கினேன். அதற்கு மேல் வரவில்லை. அப்படிச் சொன்னால் அது யாரோ எங்கேயோ செய்த காரியம் மாதிரி இருந்தது. இருபது மாதமாக அத்தான் செய்ததும் அதுதானே, தன் காரியத்தை வேறொருவன் மேல் போட்டுவிட்டு, வேறொருவன் காரியத்தைத் தான் எடுத்துக்கொண்டது. இதையாவது அதன் சொந்தக்காரன் சொல்லவேண்டும். நான் திரும்பவும் தொடங்கினேன்.

"அவன் என்னைப் பார்த்தான்," என்று பிரெஞ்சில் சொன்னேன். "அவன் கத்தவில்லை. கயிறு என் கையில் இருந்தது. நான் இழுக்கவில்லை."

அறையில் தட்டச்சு மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. அத்தானுக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆனால் நான் என்ன சொன்னேன் என்று தெரிந்திருக்கவேண்டும். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

ஒரு வாக்கியத்துக்கு மூன்று வாரம் எடுத்த மனிதர் அந்தப் பக்கத்தை ஒரு சொல்லும் வெட்டாமல் இருபத்தைந்து நிமிடத்தில் முடித்தார். தாளை உருவி எடுத்து வாசித்துக் காட்டினார். அலங்காரம் ஒன்றும் இல்லை. நான் சொன்னதுதான், என்னுடைய பிழைகள் மட்டும் இல்லை. கையெழுத்துக்கு நீட்டும்போது, அந்தச் சதுக்கத்தில் பிணங்களை ஏற்றுவதற்கு முன் நடந்ததைத் தான் ஒரு ஜன்னல் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்ததாகச் சொன்னார். மூன்று புத்தகத்திலும் வண்டியில் ஏற்றியதைத்தான் எழுதினேன், ஜன்னலை எழுதவில்லை என்றார். அவருக்கு ஆறுதல் சொல்ல எனக்கு அன்றைக்கு ஒன்றும் மிச்சமில்லை.

அத்தான் கையெழுத்து வைத்தபோது ஆறு முப்பத்தைந்து.

ஓடினோம். நான் முன்னால், அத்தான் பின்னால். மழை தூறியது. வெள்ளிக்கிழமைக் கூட்டம், கடைவாசல் எல்லாம் எங்கள் ஆட்கள், பேனாட் என்று யாரோ கூப்பிட்டதும் கேட்டது. தபால் கந்தோரில் வரிசை கதவு வரைக்கும் நின்றது. எனக்கு முன்னால் ஒன்பது பேர். அத்தானை வெளியே நிற்கச் சொன்னேன். ஒரு மனுசி பொதி ஒன்றைக் கட்டாமல் கொண்டுவந்து அங்கேயே கட்டினாள். காவல்காரன் போய் முன்கதவை அரைவாசி இறக்கினான். ஆறு ஐம்பத்திமூன்று. முன்னால் இன்னும் இரண்டு பேர். ஆறு ஐம்பத்தேழு, என் முறை.

கைப்பையைத் திறந்து உறையை எடுத்தேன். அவசரத்தில் இரண்டு உறை வந்தது. கவுண்டரில் இருந்த பெண் பெரியதை வாங்கிப் பதிவுப் படிவத்தில் முத்திரையைக் குத்தினாள். தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். பதினான்கு. பிறகு அவள் சின்ன உறையைக் காட்டி, முத்திரை ஒட்டியிருக்கிறதே, அதையும் தாருங்கள், போட்டுவிடுகிறேன் என்றாள். அதன் மேல் செஞ்சிலுவைச் சங்கத்தின் முகவரி இருந்தது. உள்ளே, என் தம்பி எந்தச் சிறையில் இருக்கிறான் என்று ஒன்றரைப் பக்கம்.

இல்லை, இது போகவேண்டியதில்லை என்றேன்.

வெளியே அத்தான் மழையில் நின்றார். ரசீதைக் கொடுத்தேன். அதை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தார், கையை வெளியே எடுக்காமல் அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றார். தலைக்கு மேலே பாலத்தில் மெற்றோ ரயில் போனது.

"பேர்ளிக்கு நீ எழுதுவியோ?" என்று கேட்டார்.

என் அக்காவின் புருசன். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அப்படிக் கெஞ்சும் குரலில் அவர் என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. எனக்கு இரக்கம் வந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. கோபமும் அப்படியே இருந்தது.

"பிரெஞ்சுக்காரருக்கு உங்களுக்காக நான் சொல்லியாச்சு, அத்தான்," என்றேன். "அக்காவுக்கு நீங்கள்தான் சொல்லவேணும். அதுக்கு உங்களுக்குத் தமிழ் இருக்குத்தானே."

அவர் தலையை ஆட்டினார். நான் கைப்பையிலிருந்து சின்ன உறையை எடுத்து, முத்திரை கிழியாமல் பிரித்து, எழுதிய தாளை மட்டும் எடுத்துக்கொண்டு, வெறும் உறையை அவர் கையில் கொடுத்தேன். முகவரியை வெட்டிவிட்டு, அக்காவுக்கு எழுதுவதை அதிலேயே போட்டு அனுப்பலாம். குறைகிற காசுக்கு முத்திரை ஒட்டினால் மண்டபம் வரைக்கும் போகும்.